வாத்தும் தட்டும் சப்பாத்தும்

நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் மாநகரில், தன் வீட்டுச் சமையலறையில் நிற்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். மேசைமேல் இருக்கும் தட்டைச் சுட்டிக்காட்டி, "பாத்தோ" என்கின்றான். கதவோரம் கிடக்கும் தன் காலணியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதையும் "பாத்தோ" என்கின்றான். படப்புத்தகத்தைப் புரட்டுகையில் குளத்தில் நீந்தும் வாத்தைக் கண்டதும் மறுபடியும் "பாத்தோ!" தாய்க்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. விடுமுறைக்கு வந்த பாட்டிக்குப் பாதி விளங்குகின்றது. பள்ளியில் அவனைப் புதிதாக ஏற்றுக்கொண்ட ஆசிரியைக்கோ ஏறத்தாழ ஒன்றுமே விளங்கவில்லை.

ஸ்பானிய மொழியில் வாத்துக்குப் 'பாத்தோ' என்பதே பெயர். தட்டுக்குப் 'பிளாத்தோ' என்று பெயர். காலணியைச் 'சப்பாத்தோ' என்பர். போர்த்துக்கீசியரிடமிருந்து நம் முன்னோர் பெற்றுக்கொண்ட 'சப்பாத்து' என்னும் சொல் இதன் உடன்பிறப்பே. ஆக, வாத்தை மட்டும் சிறுவன் சரியாகச் சொல்கின்றான். மற்ற இரண்டும் அவன் வாயில் வாத்தாகவே மாறிவிடுகின்றன. கேட்பவர் சிரிக்கின்றனர். அவர்கள் எதற்காகச் சிரிக்கின்றனர் என்று அறியாமல் சிறுவனும் முதலில் சேர்ந்து சிரிக்கின்றான். சில மாதங்கள் சென்றபின் சிரிப்பதை நிறுத்திவிடுகின்றான். அதன்பின் பேச்சையும் குறைத்துக்கொள்கின்றான். நம் கவலை தொடங்கவேண்டிய இடம் இதுவே.

இத்தகைய குழந்தைகளைப்பற்றி ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் நெடுங்காலமாக இரு கருத்துகள் நிலவிவந்தன. குழந்தைக்கு நாக்கு தடித்திருக்கின்றது, அல்லது நாவின் அடியில் உள்ள மெல்லிய சவ்வு கட்டிப்பிடித்திருக்கின்றது என்பது ஒன்று. குழந்தை சோம்பேறி, செல்லத்தால் கெட்டுவிட்டான் என்பது மற்றொன்று. முதற் கருத்தினால் நாவடிச் சவ்வை வெட்டிவிடுவதும், இரண்டாம் கருத்தினால் "ஒழுங்காகச் சொன்னால்தான் தருவேன்" என்று பால் குவளையை மறைத்து வைப்பதும் வழக்கமாயின. நாவடிச் சவ்வு உண்மையாகவே குட்டையாக இருந்து நாவை அசையவொட்டாமல் தடுக்கும் குழந்தைகளும் உண்டு. அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால், நாம் மேலே கண்ட சிறுவனின் நாவில் யாதொரு குறையும் இல்லை. அதைக் கண்டறிய மருத்துவக் கருவி எதுவும் தேவையில்லை. நிலாவைக் காட்டி இது என்னவென்று கேளுங்கள். "லூனா" என்று அழகாகச் சொல்கின்றான். எனவே 'ல' அவனுக்கு வருகின்றது. 'பாத்தோ' என்பதில் 'ப'வும் வருகின்றது. இரண்டும் தனித்தனியே வரும்போது, 'பிளாத்தோ'வில் மட்டும் 'ல' ஏன் மறைய வேண்டும்?

இக்கேள்விக்குச் சரியான விடை காணும் முயற்சி 1970ஆம் ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. அதுவரை 'திஸ்லாலியா' என்னும் பொதுப்பெயரின்கீழ், ரகரம் வராவிட்டால் ஒரு பெயர், சகரம் வராவிட்டால் வேறொரு பெயர் என்று எழுத்து எழுத்தாக நோய்ப்பெயர் சூட்டிவந்தனர். அமெரிக்க மொழியியலார் டேவிட் ஸ்டாம்ப் என்பவரும், அவர் வழியைப் பின்பற்றி 1976இல் குழந்தைகளின் ஒலிமுறைக் குறைபாடு குறித்து நூல் எழுதிய டேவிட் இங்கிரம் என்பவரும் வேறு கோணத்திலிருந்து நோக்கினர். குழந்தை தாறுமாறாகப் பிழை செய்வதில்லை. ஒரு விதியைக் கடைப்பிடித்தே பேசுகின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. 'இரண்டு மெய்கள் ஒட்டி வந்தால் ஒன்றைவிடு' என்பது நம் சிறுவனின் ஒரு விதி. அதனால் 'பிளாத்தோ' 'பாத்தோ' ஆயிற்று. புத்தகம் எனப் பொருள்படும் 'லிப்ரோ' 'லிபோ' ஆயிற்று. 'அழுத்தம் விழும் அசைக்கு முன்னுள்ள மெல்லிய அசையை விடு' என்பது அவனது மற்றொரு விதி. 'சப்பாத்தோ'வில் அழுத்தம் 'பா' என்னும் அசைமேல் விழுகின்றது. எனவே முன்னுள்ள 'ச' மறைந்தது. யானையாகிய 'எலெபாந்தே' 'பாந்தே' ஆயிற்று. வண்ணத்துப்பூச்சியாகிய 'மரிபோசா' 'போசா' ஆயிற்று.

இவ்விதிகளை எல்லாக் குழந்தைகளும் கடைப்பிடிக்கின்றனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வயதில் 'போசா' என்று சொல்லாத ஸ்பானியக் குழந்தை அரிது. வேறுபாடு காலத்தில்தான் இருக்கின்றது. பிற குழந்தைகள் இவ்விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு முன்னே செல்ல, சில குழந்தைகள் அவற்றைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றனர். ஒலிமுறை வளர்ச்சித் தாமதம் என்று நாம் கூறுவது இதனையே.

ஒவ்வொரு மொழியும் தன் குழந்தைகளுக்கு வெவ்வேறு தடைகளை வைத்திருக்கின்றது. ஸ்பானிய மொழி உயிரொலிகளில் தாராள மனமுடையது. அ, எ, இ, ஒ, உ என ஐந்தே ஒலிகள். குறில் நெடில் வேறுபாடும் இல்லை. ஆகவே, உயிரொலிகளில் ஸ்பானியக் குழந்தைகள் இடறுவது குறைவு. சொல்லின் இறுதியில் வரும் மெய்களும் சிலவே. ஆனால், சிறு குழந்தை அன்றாடம் கேட்கும் சொற்களே மூன்று அசை, நான்கு அசை உடையவை. ஆங்கிலக் குழந்தைக்குப் பூனை, நாய், பந்து, தொப்பி எல்லாம் ஓரசைச் சொற்கள். ஸ்பானியக் குழந்தையோ தொடக்கத்திலேயே நீண்ட சொற்களைச் சுமக்க வேண்டியிருக்கின்றது. இதனுடன் ப்ல, ப்ர, க்ர, க்ல என்றவாறு லகரமோ ரகரமோ ஒட்டிவரும் பன்னிரண்டு மெய்க்கூட்டுகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது ரகரம். அதைப்பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும்.

இரண்டு ரகரங்கள்

தமிழர் இதை எளிதில் உணர்வர். மரம் வேறு, மறம் வேறு. அரம் வேறு, அறம் வேறு என்று பள்ளியில் நாம் கற்றிருக்கின்றோம். இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் பேச்சில் வேறுபடுத்துவோர் நம்மிடையே குறைந்துவிட்டனர் என்றாலும், எழுத்து நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது. ஸ்பானிய மொழியிலும் இரண்டு ரகரங்கள் உள்ளன. அங்கே பேச்சிலேயே அவற்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். 'பெர்ரோ' என்று நாவை அதிரவிட்டால் நாய். 'காரோ' என்றால் விலையுயர்ந்தது. 'கார்ரோ' என்றால் வண்டி. சொல்லின் முதலில் வருவது எப்போதும் அதிரும் ரகரமே. 'ரோசா' என்று ஒருவன் தன் தங்கையின் பெயரைச் சொல்லவும் அது வேண்டும்.

முதல் ரகரம் எளிது. நாவின் நுனி மேலண்ணத்தின் முன்மேட்டை ஒருமுறை தட்டிவிட்டு இறங்குகின்றது. இரண்டாவது ரகரத்தை அவ்வாறு பலமுறை தட்டி உண்டாக்குவதாக நினைத்தால் அது தவறு. எந்த மனிதனாலும் நாவை அத்துணை வேகமாகத் தசையால் இயக்க இயலாது. நாவின் பக்கங்களை உறுதியாக வைத்து, நுனியை மட்டும் மிக இலகுவாக மேட்டருகே விட்டுவைக்க வேண்டும். நுரையீரலிலிருந்து வரும் காற்றே அந்நுனியை இரண்டு மூன்று முறை அதிரச் செய்கின்றது. காற்றில் கொடி படபடப்பதை ஒத்தது இது. நுனி சற்றே இறுகினால் காற்று நின்றுவிடும். சற்றே தளர்ந்தால் சீறிக்கொண்டு வெளியேறிவிடும். 'நாக்கை நன்றாக அழுத்திச் சொல்' என்று தந்தை கண்டிக்கும்போது, குழந்தை அதற்கு நேர்மாறான நிலைக்குத் தள்ளப்படுகின்றது என்பதை எண்ணிப்பாருங்கள்.

இக்காரணத்தால் அதிரும் ரகரம் ஸ்பானியக் குழந்தைகளிடம் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்றாகின்றது. பலருக்கு ஆறு வயதை ஒட்டியே அது நிலைபெறுகின்றது. அதுவரை 'பெர்ரோ' என்பதைப் 'பெலோ' என்கின்றனர். 'பெலோ' என்றால் தலைமயிர். "என் தலைமயிர் குரைக்கின்றது" என்று நான்கு வயதுக் குழந்தை சொன்னால் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது, அதே குழந்தை வண்ணத்துப்பூச்சியின் பாதியையும் யானையின் பாதியையும் விழுங்கிவிட்டு, அயலார் எவருக்கும் விளங்காமல் பேசும்போதுதான். பல குடும்பங்களில் இவ்விரண்டும் தலைகீழாக நடைபெறுகின்றன. ரகரம் வரவில்லையென்று நான்கு வயதில் ஓட்டமாய் ஓடுகின்றனர். அசைகள் தேய்ந்துபோவதை 'மழலை' என்று ரசித்துக்கொண்டு ஆறு வயதுவரை காத்திருக்கின்றனர்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷாரின் மெக்லியாட், கேத்ரின் குரோ என்னும் இருவர், உலகின் 27 மொழிகளில் 26,007 குழந்தைகளைப்பற்றி நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். எம்மொழியாயினும் ஐந்து வயதுக்குள் குழந்தைகள் பெரும்பாலான மெய்யொலிகளைக் கற்றுவிடுகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஸ்பெயினில் பார்சலோனாவைச் சேர்ந்த லாவுரா போஷ் அம்மையார் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள சிறுவரைச் சோதித்து, எவ்வயதில் எவ்வொலி வருகின்றது என்னும் அளவுகோலை 1983ஆம் ஆண்டளவிலேயே வகுக்கத் தொடங்கினார். சிலி நாட்டில் மரியா மெர்செதஸ் பாவெஸ் அம்மையாரும் அவர்தம் துணைவரும், குழந்தை எத்தனை விதிகளை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கின்றது என்று எண்ணிப்பார்க்கும் தேர்வு ஒன்றை ஆக்கினர்.

யாருடைய காதால் கேட்பது?

தேர்வு எதுவாயினும், அதை நடத்துகிறவரின் காது நேர்மையாக இருத்தல் வேண்டும். இருபது நாடுகளுக்கு மேல் பேசப்படும் மொழி எவ்விடத்தும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. மாட்ரிட்டில் 'சப்பாத்தோ'வின் முதல் ஒலியை நாவைப் பல்லிடையே நீட்டிச் சொல்வர். மெக்சிகோவில் வெறும் சகரமாகவே சொல்வர். ஸ்பெயினின் தெற்கிலும், சிலியிலும், கரீபியன் தீவுகளிலும் அசையின் இறுதியில் வரும் சகரம் மூச்சாகத் தேய்ந்துவிடும் அல்லது மறைந்துவிடும். போர்ட்டோ ரிக்கோ தீவினர் பலர் கதவாகிய 'புவெர்த்தா'வைப் 'புவெல்த்தா' என்பர். ஒரு தீவின் பெரியோர் அனைவரும் அவ்வாறு பேசும்போது, அவர்தம் குழந்தை அவ்வாறு பேசுவது எங்ஙனம் குறையாகும்? அமெரிக்காவில் பிரையன் கோல்ட்ஸ்டீன், அக்கிலெஸ் இக்லேசியாஸ் ஆகிய இருவரும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த சிறுவரை ஆராய்ந்து, வட்டார வழக்கைக் கணக்கில் கொள்ளாமல் மதிப்பெண் இட்டால் நலமான குழந்தைகளும் குறைபாடுடையோர் என்று முத்திரை குத்தப்படுவர் என்பதை 2001இல் எடுத்துக்காட்டினர்.

முத்திரை என்பது வெறும் சொல்லன்று. கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த ஒன்பது குழந்தைகள், ஆங்கிலத்தில் நடத்திய அறிவுத் தேர்வில் தோற்றனர் என்பதற்காக, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் வைக்கப்பட்டனர். ஸ்பானிய மொழியில் மீண்டும் தேர்வு வைத்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவர் அல்லர் என்று தெரிந்தது. வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. குழந்தையை அதன் வீட்டுமொழியிலேயே சோதிக்க மாநில அரசு இசைந்தது. 1975இல் இயற்றப்பட்ட நாடுதழுவிய கல்விச் சட்டமும் அதனையே வலியுறுத்தியது. அது பேச்சொலி குறித்த வழக்கு அன்று என்றாலும், பேச்சுப் பயிற்சியாளர்கள் இன்றும் அதை மறப்பதில்லை. வீட்டில் ஸ்பானியமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் குழந்தை 'எஸ்கூல்' என்று சொன்னால், தன் மொழியில் 'எஸ்குவேலா' என்று சொல்லும் பழக்கத்தால்தான் அவ்வாறு சொல்கின்றது. 'இஸ்கூல்' என்று சொல்லி வளர்ந்த நாம் அதைக் குறையாகக் காணமாட்டோம் அன்றோ! இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. உண்மையான தாமதம் உடைய குழந்தையிடம் அது இரு மொழிகளிலுமே தென்படும்.

துறவியும் தலைப்பாடமும்

பேசாத வாய்களைப் பேசவைக்கும் கலைக்கு ஸ்பெயின் நாடு ஒருவகையில் தாய்வீடு எனலாம். பதினாறாம் நூற்றாண்டில் புர்கோஸ் நகருக்கு அணித்தான ஓஞா என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பெத்ரோ போன்சே தெ லெயோன், செவிகேளாத உயர்குடிச் சிறுவருக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். காது கேளாதோர் கல்விக்கு அப்பாற்பட்டோர் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. அவர் 1584இல் இறந்தார். பின்னர் 1620இல் ஹுவான் பாப்லோ போனெத் என்பார், ஒவ்வோர் எழுத்துக்கும் நாவும் பல்லும் உதடும் இருக்கவேண்டிய நிலையை விவரித்து மாட்ரிட்டில் நூல் வெளியிட்டார். வாயின் நிலையைக் காட்டிக் கற்பிக்கும் அந்த வழி செவிகேளாதோருக்குப் பெரும்பேறாயிற்று. ஆனால், காது நன்கு கேட்கும் நம் சிறுவனுக்கு அதுமட்டும் போதாது. அவனுக்கு 'ல' சொல்லத் தெரியும். அந்த 'ல' இருந்தால் தட்டு, இல்லாவிட்டால் வாத்து என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

ஆகவே, இன்றைய பயிற்சியாளர் முதலில் காதைச் சோதிக்கச் சொல்வார். நடுச்செவியில் நீர் தேங்கி, மாதக்கணக்கில் மந்தமாகக் கேட்கும் குழந்தைகள் பலர். அக்குறை இல்லையென்று தெளிந்தபின், படங்களை மேசைமேல் பரப்புவார். ஸ்பெயினில் இப்பணியாளரை 'லோகோபேதா' என்பர். 1991இல் அங்கே இதற்கெனப் பல்கலைக்கழகப் பட்டயம் ஏற்பட்டது. மாட்ரிட்டில் மார்க் மோன்போர்ட், அதோராசியோன் ஹுவாரெஸ் ஆகியோர், குழந்தையைத் தானாகப் பேசச்செய்து ஒலிகளைக் குறித்துக்கொள்ளும் படத்தேர்வு ஒன்றை 1989இல் வெளியிட்டனர். சிலி நாடோ 2002ஆம் ஆண்டு அரசாணை ஒன்றின் வாயிலாக, மொழி வளர்ச்சியில் தனிக்குறைபாடுடைய சிறுவருக்கான பள்ளிகளின் பாடத்திட்டத்தை ஒழுங்கு செய்தது. 'மொழிப் பள்ளிகள்' என வழங்கும் அவற்றில் மூன்று வயதிலிருந்தே குழந்தைகள் சேர்கின்றனர். ஏழைப் பெற்றோர் தனிப் பயிற்சியாளரைத் தேடி அலையாமல், பள்ளியிலேயே உதவி கிடைப்பது பெரிய வாய்ப்பு என்றே கருதுகின்றோம்.

பயிற்சியின் முறையைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. மெழுகுவர்த்தியை ஊதுதல், நாவால் மூக்கைத் தொட முயலுதல், உதட்டில் தடவிய தேனை நக்குதல் ஆகிய பயிற்சிகள் ஸ்பானிய நாடுகளில் இன்றும் பெருவழக்காக உள்ளன. குழந்தைகள் அவற்றை விரும்புகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றால் மட்டும் பேச்சொலி திருந்துகின்றது என்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பேசும்போது நாவு ஆற்றும் வேலை வேறு, ஊதும்போது ஆற்றும் வேலை வேறு.

பலனளிப்பது, பொருளோடு ஒலியைப் பிணைக்கும் முறை. ஒரே ஒலியால் வேறுபடும் இணைச்சொற்களைப் படமாகத் தருவர். அமெரிக்கரான வைனர் 1981இல் இரண்டு குழந்தைகளிடம் இம்முறையைக் கையாண்டு முடிவை வெளியிட்டார். ஸ்பானியத்துக்கும் அது நன்கு பொருந்துகின்றது. வாத்துப் படங்களும் தட்டுப் படங்களும் மேசைமேல் கலந்து கிடக்கின்றன. சிறுவன் கேட்கும் படத்தைப் பயிற்சியாளர் எடுத்துத்தர வேண்டும் என்பது விளையாட்டு. அவன் தட்டை வேண்டி, "பாத்தோ" என்கின்றான். அவர் முகமலர்ச்சியுடன் வாத்தைக் கொடுக்கின்றார். அவன் தலையசைத்து மறுக்கின்றான். மறுபடியும் "பாத்தோ" என்கின்றான். மறுபடியும் வாத்து! "தவறு" என்று ஒருவரும் சொல்லவில்லை. "திருப்பிச் சொல்" என்று ஒருவரும் அதட்டவில்லை. தான் சொன்ன சொல் தனக்கு வேண்டியதைக் கொண்டுவரவில்லை என்பதை அவனே காண்கின்றான். நாம் அறிந்தவரையில் இதைவிட மென்மையான ஆசிரியம் இல்லை.

நீண்ட சொற்களுக்குக் கைத்தட்டல் உதவுகின்றது. மரி-போ-சா என்பதற்கு நான்கு தட்டு: ம, ரி, போ, சா. இரண்டே தட்டில் நிறுத்தினால் வண்ணத்துப்பூச்சியின் படத்தில் பாதி மூடியே இருக்கும். அசைகளை முதலில் மீட்பதே அறிவுடைமை. ஒலி ஒன்று சற்றுக் கோணியிருந்தாலும் அசைகள் முழுமையாயிருந்தால் கேட்பவருக்குச் சொல் விளங்கிவிடும். அதிரும் ரகரம் கடைசி வரிசையில் காத்திருக்கலாம். பார்பரா ஹாட்சன் என்னும் அமெரிக்க அம்மையார் வகுத்த முறையில், ஒரு விதியைச் சில வாரங்கள் எடுத்துப் பழக்கிவிட்டு, அது முற்றும் திருந்துமுன்பே அடுத்ததற்குச் சென்று, பின்னர் சுற்றி மீண்டும் முதலாவதற்கு வருவர். குழந்தையின் மனம் இடையில் தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும் என்பது இதன் அடிப்படை.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. குழந்தை காலணியைக் காட்டிப் "பாத்தோ" என்றால், "ஆமாம், சப்பாத்தோ! சிவப்புச் சப்பாத்தோ! உன் சப்பாத்தோவை மாட்டுவோமா?" என்று தாய் மறுமொழி சொல்லலாம். சரியான சொல் மும்முறை காதில் விழுகின்றது, உரையாடலும் அறுபடவில்லை. உடன்பிறந்தோர் நையாண்டி செய்வதைத் தடுப்பது தந்தையின் கடமை. முதல் வகுப்பில் சேருமுன் இவ்வளவும் தொடங்கியிருத்தல் நலம். ஸ்பானிய மொழியில் ஒலிப்பது போலவே எழுதுவர்; தட்டை 'பாத்தோ' என்று சொல்லும் குழந்தை, தட்டை வாத்தென்றே எழுதவும் கூடும்.

மீண்டும் அந்த மேசைக்கு வருவோம். சில வாரங்களுக்குப்பின் ஒருநாள், கையில் வாத்தை வாங்கி வாங்கி அலுத்துப்போன சிறுவன், தட்டுப் படத்தை உற்றுப்பார்த்துவிட்டு, மெதுவாக, "பா... லாத்தோ" என்கின்றான். 'ப'வுக்கும் 'ல'வுக்கும் இடையில் இல்லாத உயிர் ஒன்றை நுழைத்து, இரண்டு மெய்களையும் தனித்தனியே கரையேற்றிவிட்டான். அகராதியில் அப்படியொரு சொல் இல்லை. பயிற்சியாளர் தம் குறிப்பேட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு, தட்டை எடுத்து அவன் கையில் கொடுக்கின்றார்.